பாக்டீரியூரியா: தொற்றா, தங்கலா?

நண்பர்களே,

நீண்டநாள் சிறுநீர் வடிகுழாய் வைத்திருப்போரைப் பராமரிப்பதற்கான கையேட்டின் சொற்பட்டியலைப் பார்த்தேன். வடிகுழாய், பலூன், சிறுநீர் சேரும் வெளிப்பை எல்லாம் சரி. இடிப்பது ஒன்றுதான்: ‘பாக்டீரியூரியா’வுக்கும் (சிறுநீரில் பாக்டீரியா இருப்பது) ‘சிறுநீர்த் தொற்று’, காய்ச்சலோடு வரும் நோய்க்கும் ‘சிறுநீர்த் தொற்று’. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

குழாய் போட்டபின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் பாக்டீரியா புதிதாகச் சேர்கிறது. ஒரு மாதம் ஆகும்போது அநேகமாக எல்லாருக்கும் இருக்கும். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்கத்திலோ அடிவயிற்றிலோ வலி, திடீர்க் குழப்பம் என எதுவும் இல்லையென்றால் இதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு. மற்றவர்களுக்குக் கொடுத்தால் கிருமி கொஞ்ச நாளில் திரும்பி வரும், இம்முறை மருந்துக்கு அசையாததாக. சிறுநீர் கலங்கியிருப்பதும் நாற்றமடிப்பதும் மட்டுமே காரணமாகாது. ஆனால் தாளில் ‘தொற்று’ என்று அச்சாகிவிட்டால் மாத்திரை எழுதாமல் விட யாருக்குத் துணிவு வரும்?

என் பரிந்துரை: ‘நுண்ணுயிர்த் தங்கல்’.

---

> என் பரிந்துரை: ‘நுண்ணுயிர்த் தங்கல்’.

பிரிக்க வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ‘குருதிச்சிறுநீர்’ என்று ஒரு வாய்பாடு இருக்கிறதே, அதே அச்சில் ‘கிருமிச்சிறுநீர்’ எனலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது. ‘தங்கல்’ என்றால் எங்கே தங்குகிறது? குழாயிலா, பையிலா, பையில் தேங்கிய நீரிலா?

இது வெறும் இலக்கணக் கேள்வி இல்லை. பையிலிருந்து பிடித்த சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் பையில் பெருகியதுதான் முளைக்கும். குழாயின் மாதிரி எடுக்கும் துளைக்குக் கீழே சற்றுநேரம் கிளிப் போட்டு, துளையை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் சிரிஞ்சால் எடுக்க வேண்டும். முடிந்ததும் கிளிப்பை எடுக்க மறக்கக் கூடாது. தொற்று என்று சந்தேகம் வந்து, குழாய் போட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தால், முதலில் குழாயை மாற்றிப் புதியதிலிருந்துதான் மாதிரி. பழைய குழாயின் உட்சுவரில் இருப்பது வேறு, சிறுநீர்ப்பையில் இருப்பது வேறு.

---

> ‘கிருமிச்சிறுநீர்’ எனலாமே?

வாய்பாடு அழகு. ஆனால் ‘கிருமி’ என்ற சொல் காதில் விழுந்ததுமே வீட்டார் மருந்து கேட்பார்கள். பேச்சுத்தமிழில் நோய் தராத கிருமி என்று ஒன்று கிடையாது. ‘நுண்ணுயிர்’ சற்றுச் சாதுவான சொல். ‘குடியிருப்பு’ என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். அடுக்குமாடிதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று: ‘தொற்றுதல்’ என்றால் தமிழில் பற்றி ஏறுவதும்தான், கொடி கொம்பைத் தொற்றுவதுபோல. பாக்டீரியா குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு படலமாக வளர்வதைச் சொல்ல ஒரு சொல் தேடினால் அதுவே பொருந்தும்! குழப்பத்தின் வேர் இதுவென்றே நினைக்கிறேன். ஆகவே சுவரில் படர்வதற்கு ‘நுண்ணுயிர்ப் படலம்’ (தண்ணீர்த்தொட்டியின் உட்புற வழுக்கல் என்று விளக்கிவிடலாம்), சிறுநீரில் இருப்பதற்குச் ‘சிறுநீர் நுண்ணுயிர்த் தங்கல்’, உடலைத் தாக்குவதற்கு மட்டும் ‘தொற்று’. எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கும் முன்னொட்டு விடை சொல்லிவிடுகிறது.

படலத்துக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். ‘புரோட்டியஸ் மிராபிலிஸ்’ யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரமாகி, மெக்னீசிய, கால்சிய பாஸ்பேட்டுகள் படலத்தின்மேல் படிகின்றன. குழாய் அடைத்துக்கொள்கிறது, சிறுநீர் குழாயைச் சுற்றி வெளியே கசிகிறது. இதற்கு ‘உப்புப்படிவு’ போதும். வாளியில் உப்புப் படிவதை அறியாதவர் இல்லை.

வரைவில் நான் கடுமையாக எதிர்க்கும் சொல் ‘மூடிய வடிகால்’. படிக்கும் உதவியாளர் கிளிப்பை மூடிவைப்பார். சிறுநீர் சிறுநீர்ப்பையிலேயே தேங்கும். நாம் சொல்ல வந்தது குழாயும் பையும் சேருமிடத்தைக் கழற்றாதே என்பதுதான். ‘பிரிக்காத இணைப்பு’ என்றால் சொல்லே வழிமுறையாகிவிடும். அதன்கீழ் எழுத வேண்டியவை: பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல், மூன்றில் இரண்டு பங்கு நிறையும் முன்பே பையின் அடியிலுள்ள திறப்புக்குழாய்வழி காலிசெய்தல், ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரம், அதன் விளிம்பில் திறப்புக்குழாய் நுனி இடிக்காமல், கையுறைக்கு முன்னும் பின்னும் கைகழுவல். குழாயைத் தொடையில் ஒட்டி நிறுத்த வேண்டும், இழுபட்டால் சிறுநீர்த்தாரை (சிறுநீர் வெளியேறும் பாதை) புண்ணாகும். குழாய் நுழையுமிடத்துக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், கிருமிநாசினி கூடுதலாக ஒன்றும் தருவதில்லை. தடுப்புக்கென்று வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதோ சிறுநீர்ப்பையைக் கழுவிவிடுவதோ வேண்டாம்.

குழாய் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேட்க ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும். அதன் தலைப்பு ‘குழாய்த் தேவை’, கலைச்சொல்லே வேண்டாம்.

---

‘தங்கல்’, ‘பிரிக்காத இணைப்பு’ இரண்டையும் ஏற்கிறேன். ‘கிருமிச்சிறுநீ’ரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரு சின்னச் சேர்க்கை: மலச்சிக்கலும் காரத்தன்மையுள்ள சிறுநீரும் சேரும்போது சிலரது பை முழுக்க ஊதாவாகிவிடும். சில பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள ஒரு வேதிப்பொருளை நீல, சிவப்புச் சாயங்களாக மாற்றுவதால் வருவது. பார்ப்பவர் பதறினாலும், நிறம் மட்டும் மாறியிருந்தால் இதுவும் தங்கலின் கணக்குதான். வரைவில் இதற்கு ஏழு அசையில் ஒரு வடமொழித் தொடர் இருக்கிறது. ‘ஊதாப்பை’ என்று போட்டுவிடலாமா?