ராத்திரியில் அம்மாவை எழுப்பாமல் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி?

குழுவில் நர்ஸாக இருப்பவர்களிடம் ஒரு உதவி. அம்மாவுக்கு 74 வயது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து 9 நாள் ஆகிறது. வாக்கரைப் பிடித்து பாத்ரூம் வரை நடக்கிறார், மற்ற நேரமெல்லாம் படுக்கைதான்.

நேற்று உடம்பு துடைத்துவிடும்போது பார்த்தேன், வலது குதிகாலில் எட்டணா அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கிறது, எடுத்ததும் மறுபடி சிவக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னார் (பாவம், நல்லெண்ணம்தான்). ஆனால் வார்டில் இருந்த சிஸ்டர், சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைத்தான் செய்கிறேன். டாக்டருக்கும் போட்டோ அனுப்பியாயிற்று.

சிக்கல் ராத்திரிதான். படுக்கைப் புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. மறுநாள் பகலெல்லாம் தூங்கிவிட்டு, சாயங்காலம் "இது யார் வீடு?" என்கிறார். கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தால் கொஞ்சம் தெளிகிறார்.

முழுதாகப் புரட்டாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதுமா? காற்று மெத்தை வாங்கினால் இந்த இடைவெளியை நீட்டலாமா? பகலில் ஆள் இருக்கிறது, ராத்திரி நான் ஒருத்திதான்.