பிரசவத்துக்குப் பின் தொங்கும் வயிறு: அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பட்டர்வொர்த் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள்; இளையவனுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. எடை பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும் தொப்புளுக்குக் கீழே தோல் மடிந்து தொங்குகிறது. சேலை கட்டினால் கொசுவம் செருகும் இடத்தில் அந்த மடிப்பு பிதுங்கி நிற்கிறது. கோயிலில் பார்ப்பவர்கள் "மறுபடியும் விசேஷமா?" என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது, ஆனால் மூத்த மகளுக்குப் பழகவில்லை. ஜார்ஜ்டவுனில் நான் பார்த்த பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், தோலை அகற்றித் தசையையும் தைக்கும் முழுமையான அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தார். கோலாலம்பூரில் உள்ள ஓர் அழகு நிலையமோ, கொழுப்பை உறிஞ்சி எடுத்தாலே போதும், அன்றே வீடு திரும்பலாம், செலவும் பாதிதான் என்கிறது. கணவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். மாமியாருக்கு இது வேண்டாத வேலை. எதை நம்பி முடிவெடுப்பது?

உடலியக்கப் பயிற்சியாளர், பெட்டாலிங் ஜெயா:
சகோதரி, உங்கள் வயிற்றில் இருப்பது தோலா, கொழுப்பா, தசை விலகலா என்பது தெரியாமல் எந்தச் சிகிச்சையையும் ஒப்பிட முடியாது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல் நுனிகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு, தலையையும் தோள்களையும் மெல்ல உயர்த்துங்கள். நடுவில் ஒரு மேடு எழும்பி, இரு பக்கத் தசைகளுக்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் இறங்கினால், கர்ப்ப காலத்தில் விலகிய தசைகள் மீண்டும் நெருங்கவில்லை என்று கருதலாம். முறையான பயிற்சியால் இந்த விலகலின் விளைவுகள் பலருக்குக் குறைகின்றன, மூன்று ஆண்டுகள் கழித்தும்கூட. ஆனால் அந்த மேடு எழும்பும்படி நாள்தோறும் படுத்தெழும் பயிற்சிகளைச் செய்வது உதவாது. அதேபோல், தொங்கும் தோலைச் சுருக்கும் பயிற்சியோ களிம்போ கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு உறிஞ்சுதல் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை மட்டுமே எடுக்கும். தோல் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், அதன் பிறகு இன்னும் தொய்வாகத் தெரியக்கூடும்.

செந்தூல் வாசகி:
நான் அந்த முழுமையான அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவள், வருந்தவில்லை. ஆனாலும் முதல் வாரத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லமாட்டார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. தையல் இழுக்கும் என்பதால் இடுப்பை வளைத்தே நடக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தே உறங்க வேண்டும். வயிற்றின் இரு பக்கங்களிலும் வடிகுழாய்கள் இருந்தன; அவற்றில் சேரும் நீரை அளந்து எழுதி வைப்பது என் தங்கையின் வேலையாக இருந்தது. இறுக்கமான வயிற்றுக் கச்சையை வாரக்கணக்கில் அணிந்திருந்தேன், நம் வெயிலில். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். உங்கள் மூன்று வயது மகனும் அந்தக் கணக்கில் அடங்குவான். எனவே, மாமியாரின் சம்மதம் அறிவுரையாகத் தேவையில்லை என்றாலும், வீட்டு உதவியாகத் தேவைப்படும். தழும்பு ஒரு பக்க இடுப்பிலிருந்து மறு பக்கம் வரை நீள்கிறது. தொப்புளுக்குக் கீழே இன்னமும் உணர்ச்சி முழுமையாகத் திரும்பவில்லை.

ஓய்வுபெற்ற அறுவைக்கூடத் தாதி, கோலாலம்பூர்:
அம்மா, அந்த அழகு நிலையத்தின் பாதிச் செலவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2020 அக்டோபரில் செராஸ் பகுதி அழகு நிலையமொன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் உயிரிழந்த செய்தியைப் பலர் மறந்திருக்கலாம். அழகுச் சிகிச்சைக்கென எல்.சி.பி. (சுகாதார அமைச்சு தரும் அனுமதிக் கடிதம்) சான்று பெற்ற பொது மருத்துவரும் இத்தகைய பெரிய அறுவை சிகிச்சையைச் செய்யத் தகுதி பெற்றவராகிவிட மாட்டார். மருத்துவரின் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவின் கீழ் தேடிப் பாருங்கள். அது இணையத்திலேயே கிடைக்கிறது. சிகிச்சை நடக்கும் இடம் 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றதா, மயக்கவியல் நிபுணர் உடனிருப்பாரா என்றும் கேளுங்கள்.

காலின் இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்வதே இதில் நாங்கள் மிகவும் அஞ்சும் ஆபத்து. கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை மறைக்காதீர்கள். புகைபிடித்தால் காயம் எளிதில் ஆறாது. நம் பெண்களிடம் அதைக் கேட்கவே மருத்துவர்கள் தயங்குகிறார்கள், அது வேறு கதை. அழகுக்காகச் செய்வதைக் காப்புறுதி அட்டைகள் பொதுவாக ஏற்பதில்லை. தொப்புளில் குடலிறக்கம் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பார்க்கலாம். இன்னொரு கேள்வி: மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று உறுதியாக முடிவு செய்துவிட்டீர்களா?

பட்டர்வொர்த் வாசகி:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு படுத்துச் சோதித்ததில் மூன்று விரல்கள் இறங்கின. மூன்றாவது குழந்தையைப் பற்றி நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை; அது இதோடு தொடர்புடையது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஓய்வுபெற்ற அறுவைக்கூடத் தாதி, கோலாலம்பூர்:
அப்படியானால் இப்போது வேண்டாம். மீண்டும் கருவுற்றால் தைத்த தசையும் தோலும் திரும்ப விரியும். கருவுக்கு ஆபத்து என்பதற்காக அல்ல, செலவும் வலியும் வீணாகும் என்பதற்காகவே சொல்கிறேன். அழகு நிலையத்தில் முன்பணம் கட்டியிருந்தால் ரசீதோடு திரும்பக் கேளுங்கள். ஜார்ஜ்டவுன் நிபுணரிடம் அடுத்த முறை செல்லும்போது உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். "உன் விருப்பம்" என்று சொல்பவர், ஆறு வாரம் பிள்ளையைத் தூக்கப்போவது யார் என்பதை நேரில் கேட்கட்டும்.