புதுப்பிப்பு: ஜப்பானின் மட்சுமோட்டோ குளிரில் மாவு பொங்கிவிட்டது

டிசம்பரில் இரண்டு கவலைகளை எழுதியிருந்தேன்: இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது, படுக்கையறை ஜன்னலில் தண்ணீர் வழிந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறது.

மாவு சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி அமசாக்கே என்ற இனிப்பு அரிசிப் பானத்தைப் புளிக்க வைப்பது கொதாட்சுவுக்குள்தானாம். அடியில் ஹீட்டர், மேலே கனத்த போர்வை போட்ட அந்தக் குட்டை மேசைதான். நானும் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, சூட்டைக் குறைத்து உள்ளே வைத்தேன். வெளியே மைனஸ் 8 டிகிரி. காலையில் மகள்தான் கூப்பிட்டாள்: "அம்மா, மாவு வெளியே வருது!" மூடியைத் தள்ளிக்கொண்டு துண்டு வரைக்கும் நுரை. எவ்வளவு சந்தோஷம்!

ஜன்னல் தண்ணீருக்குக் காரணம், புகைபோக்கி இல்லாத எங்கள் மண்ணெண்ணெய் ஹீட்டர். 1 லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகி அறைக்குள்ளேயே நிற்கும். இப்போது மணிக்கு இரண்டு தடவை ஜன்னலைத் திறக்கிறோம். படுக்கையறையில் ஹீட்டரே கிடையாது; காலடியில் யுதாம்போ, அதாவது வெந்நீர்ப் பை, மட்டும்தான். பூஞ்சையைத் துடைத்து மூன்று வாரமாகிறது, திரும்ப வரவில்லை. மகளின் ராத்திரி இருமலும் நின்றுவிட்டது. யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.