குடும்ப ஜெபத்தில் பிள்ளை கேட்ட கேள்வி: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பாளை அம்மா:
2021 மே. மாமனார் கொரோனாவில் ஒன்பதாம் நாள் போய்விட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை. சபை ஐயர், எங்கள் போதகர், தள்ளி நின்று ஜெபித்தார். அந்த நாட்களில் எல்லார் வீட்டிலும் 91ஆம் சங்கீதம்தானே? எங்கள் வீட்டிலும் ராத்திரி ஜெபத்தில் தினமும் அதுதான். வாசிப்பது என் மகன், அப்போது எட்டு வயது.

அடக்கம் முடிந்த மறுநாள் பாயை விரித்து, பாட்டுப் பாடி, "வாசிப்பா" என்றேன். பத்தாம் வசனம் வந்தது. "வாதை உன் கூடாரத்தை" என்பது வரை வாசித்தவன், அடுத்து வரும் "அணுகாது" என்பதைச் சொல்லாமல் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு கேட்டான்: "தாத்தா நம்ம கூடாரத்துல இல்லையாம்மா?"

"எல்லாம் தேவ சித்தம், வாசி" என்றார் என் வீட்டுக்காரர். அவன் வாசிக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. நான்தான் அவசரமாகப் பரமண்டல ஜெபம் சொல்லி முடித்தேன். இப்போது பெரியவனாகிவிட்டான், கோயிலுக்கும் வருகிறான். ஆனால் அந்தச் சங்கீதத்தை மட்டும் வாசிக்க மாட்டான். அந்த விரல் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

ஞாயிறு பள்ளி வாத்தியார்:
சகோதரி, வருத்தப்படாதீர்கள். ஆனால் "தேவ சித்தம்" என்பதைப் பிள்ளையின் வாயை அடைக்கச் சொல்லவே கூடாது. நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். அப்பாவை விபத்தில் இழந்த பிள்ளை ஒருத்தி, வசனம் சொல்லும் முறை வந்ததும் எழுந்து சும்மாவே நின்றாள். "சரி, உட்கார்" என்று அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டேன்.

91ஐத் தாயத்து மாதிரி ஆக்கியது நாம்தான். மத்தேயு 4ஐ எடுத்துப் பாருங்கள். பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதிக்கச் சொல்லி எடுத்துக்காட்டியது இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத்தான். இயேசு குதிக்கவில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். "எதுவரைக்கும்" என்று கேட்கிற 13ஆம் சங்கீதத்தையும், கடைசிவரை ஆறுதலே வராத 88ஐயும் வாசிக்க வைக்க வேண்டும். அழுகையும் வேதத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும். விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் பாட்டும் ஆக்ஷனும் மட்டும் போதாது. வளர்ந்தபின் சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அதற்குள் பாதிப் பேர் மனதளவில் வெளியே போய்விடுகிறார்கள். அப்புறம், ஜெபம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எட்டு மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் விலகிப் போகக் காரணமே பாதி அதுதான்.

நாகை மகள்:
ஐயா, சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த ராத்திரியில் எட்டு வயதுப் பிள்ளைக்கு மத்தேயு 4 எதற்கு?

நாங்கள் கத்தோலிக்கர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. வேளாங்கண்ணியில் பூசை முடிந்து கடலோரம் போன எங்கள் சித்தி திரும்பவில்லை. அன்று ராத்திரி முகாமில் அம்மா ஜெபமாலையை எடுத்தார். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் குரல் வரவில்லை. நாங்கள் பிள்ளைகள் பயந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பாயில் இருந்த அக்கா இந்து, கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர். அவர் மெதுவாக அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டே மாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்லி முடித்தார். யாரும் எங்களுக்கு எதையும் விளக்கவில்லை. இன்று என் மகளோடு உட்கார்ந்து சொல்லும்போது எனக்குக் கேட்பது அந்த அக்காவின் குரல்தான்.

பெங்களூரிலிருந்து:
வாத்தியார் ஐயா, போன் காரணமில்லை. எனக்குப் போன் கிடைக்கும் முன்பே மனசு விட்டுப் போயிருந்தது. வசனம் மறந்ததற்காக அப்பா பெல்ட்டால் அடித்தார். அன்று ராத்திரி ஜெபத்தில், எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது, "ஆண்டவரே, என் மகனைக் கோபத்தில் அடித்தேன், அவன் என்னை மன்னிக்கட்டும்" என்றார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா முழங்காலில், சட்டையில்லாமல், தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். இப்போது நான் கோயிலுக்கு எப்போதாவதுதான் போகிறேன். ஆனால் கடவுள் இல்லை என்று நண்பர்கள் பேசும்போது என்னால் சேர்ந்து பேச முடிவதில்லை.

பாளை அம்மா:
மூன்று நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். தம்பி, உங்கள் அப்பா செய்ததைத்தான் நானும் செய்தேன். நேற்று மகனிடம் போய், அன்று ராத்திரி பதில் சொல்லாமல் முடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். எந்த ராத்திரி என்று அவன் கேட்கவில்லை. "அப்பாவையும் கூப்பிடுங்க" என்றான்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். எந்த அதிகாரம் என்றேன். யோவான் 11 என்றான், இயேசுவின் நண்பர் லாசருவின் கல்லறை. 35ஆம் வசனம் உங்களுக்குத் தெரியும், படிக்காமல் வருகிற பிள்ளைகள் எல்லாம் ஞாயிறு பள்ளியில் சொல்கிற சின்ன வசனம். "இயேசு கண்ணீர் விட்டார்" என்று வாசித்துவிட்டு அங்கேயே விரலை வைத்து நிறுத்தினான். என் வீட்டுக்காரர் இந்த முறை "வாசி" என்று சொல்லவில்லை.