உண்மையான கிட்டார் வாசிப்பவர் கிட்டார் ஹீரோவில் தடுமாறுவது ஏன்?

ஆறுதந்தி (கேள்வி):

பதினைந்து ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறேன். ரிதம், லீட் இரண்டையும் மேடையில் வாசித்த பழக்கம் உண்டு. அண்மையில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடு முதன்முறையாகக் கிட்டார் ஹீரோ என்ற காணொளி விளையாட்டை விளையாடினேன்; திரையில் ஓடிவரும் வண்ணக் குறிகளுக்கு ஏற்பப் பிளாஸ்டிக் கிட்டாரின் பொத்தான்களை அழுத்தி, பட்டையை மீட்ட வேண்டிய விளையாட்டு அது. பலமுறை மேடையில் வாசித்த பாடலையே தேர்ந்தெடுத்தும், நான்கு பொத்தான்கள் மட்டுமே வரும் மீடியம் நிலையைக்கூட என்னால் முடிக்க இயலவில்லை. எந்த வாத்தியமும் பயிலாத சிறுவன் ஒருவன் அதே பாடலை மிகக் கடினமான எக்ஸ்பர்ட் நிலையில் முடித்துக் காட்டினான். என் கை தாளத்தில்தான் விழுகிறது என்று உறுதியாக உணரும் இடங்களிலும் தவறு என்றே காட்டுகிறது. தவறியவுடன் பாடலில் கிட்டாரின் ஒலி மட்டும் மறைந்துபோவதால், மீண்டும் எங்கே சேர்ந்துகொள்வது என்பதும் பிடிபடுவதில்லை.

இதற்குக் காரணம் என்ன? இதில் தேர்ச்சி பெற முயன்றால் என் உண்மையான வாசிப்பு கெட்டுவிடுமா? இரண்டிலும் அனுபவமுள்ளவர்கள் விடை சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒத்திசைவு:

நண்பரே, உங்கள் கையைச் சந்தேகிப்பதற்கு முன் தொலைக்காட்சியைச் சோதித்துப் பாருங்கள். முதல் கிட்டார் ஹீரோ 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தபோது பல வீடுகளில் இருந்தவை பழைய குழாய்த் தொலைக்காட்சிகள். அவற்றில் படமும் ஒலியும் ஏறக்குறைய உடனுக்குடன் வந்துவிடும். இன்றைய தட்டைத் திரைகள் படத்தைச் செம்மைப்படுத்திய பின்பே காட்டுவதால் சற்றுத் தாமதம் ஏற்படுகிறது, ஒலியும் அதற்கேற்பப் பிந்தலாம். இசை பயிலாதவர் அந்தத் தாமதத்துக்குத் தம்மை அறியாமலே பழகிக்கொள்கிறார். நீங்களோ காதில் விழும் அடியோடு மிகச் சரியாக மீட்டுகிறீர்கள். அந்த அடியே பிந்தி வந்திருப்பதால், விளையாட்டின் கணக்கில் நீங்கள் பிந்திவிடுகிறீர்கள். அமைப்புகளில் தாமதத்தைச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் பகுதி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். தொலைக்காட்சியிலும் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ இருந்தால் இயக்குங்கள். இதே வகை விளையாட்டான ராக் பேண்ட் 2உடன் வந்த கிட்டாரில் இந்த அளவீட்டைத் தானே செய்துகொள்ள ஓர் ஒளியுணரியும் ஒலிவாங்கியும் வைத்திருந்தார்கள் என்றால், இந்தச் சிக்கல் எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டாம்கட்டை:

மேலே சொன்னது சரி, ஆனால் அது பாதிக் காரணம்தான். நானும் கிட்டார் வாசிப்பவன். எக்ஸ்பர்ட் நிலைக்கு வர எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. என்னைத் தடுத்தது வலது கையின் பழக்கம். ரிதம் வாசிக்கும்போது நம் கை தாளத்தோடு மேலும் கீழும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும்; ஒலிக்க வேண்டாத இடத்தில் தந்தியைத் தொடாமல் கடந்துபோகும், அந்த வெற்று வீச்சுதான் லயத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பிளாஸ்டிக் கிட்டாரில் மீட்டும் பட்டையை வெறுமனே அசைத்தாலும் அது தவறான மீட்டலாகவே பதிவாகி, நான்கு மடங்கு வரை ஏற்றி வைத்த மதிப்பெண் பெருக்கம் ஒரே கணத்தில் அறுந்துவிடும். ஆகவே அந்த அசைவை மணிக்கட்டிலிருந்து நீக்கி, காலால் தட்டும் தாளத்துக்கு மாற்றுங்கள். எனக்கு உண்மையான திருப்பத்தைத் தந்தது இதுதான்.

மீடியம் நிலையில் தொடங்கியதும் தவறான தேர்வு என்பேன். அதில் பாடலின் ஸ்வரங்களில் பல நீக்கப்பட்டிருக்கும். பாடலை மனப்பாடமாக அறிந்த உங்கள் கை, திரையில் இல்லாத ஸ்வரங்களையும் வாசிக்கப் போகிறது. எக்ஸ்பர்ட் நிலையில் பெரும்பாலும் காதில் கேட்பதும் கண்ணில் தெரிவதும் ஒன்றுபடும் என்பதால், இசைஞர்களுக்கு அதுவே எளிது. பயிற்சிப் பகுதியில் வேகத்தைக் குறைத்து அதிலேயே தொடங்குங்கள்.

இடது கைக்கு ஒரு சொல்: பொத்தான்களைச் சுருதியாக எண்ணாதீர்கள். ஒரே சிவப்புப் பொத்தான் இங்கே ஒரு ஸ்வரத்தையும் அடுத்த வரியில் வேறொன்றையும் குறிக்கும். ஏறுகிறது, இறங்குகிறது என்னும் திசை மட்டுமே பெரும்பாலும் உண்மை. ஆனாலும் நம் பழக்கம் முற்றிலும் வீணாவதில்லை. தனி ஸ்வரங்களில் கீழ்ப் பொத்தானை அழுத்தியபடியே மேற்பொத்தானை வாசிக்கலாம், உண்மையான தந்தியிலும் மேற்கட்டைதானே ஒலிக்கிறது! ஹாமர்-ஆன் (இடது விரலைத் தட்டி ஒலித்தல்), புல்-ஆஃப் (விரலை எடுத்து ஒலித்தல்) இரண்டும் மீட்டாமலே செல்லுபடியாகும். முதல் விளையாட்டில் அவை மிகக் கடினமாக இருந்தன, 2006இல் வந்த இரண்டாம் விளையாட்டில் இலகுவாயின.

பயிற்றுநர்:

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கிட்டார் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாசிப்பு கெடாது, ஆனால் பெரிதாக வளரவும் செய்யாது. கண் முன்கூட்டிப் படித்துச் செல்வதும், தவறியபின் தயங்காமல் அடுத்த அடியில் சேர்ந்துகொள்வதும் மேடைக்கு உதவும் திறன்கள்; என் மாணவர்கள் சிலரிடம் இதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். தந்தியை வளைத்தல், அதிர்வு கொடுத்தல், வேண்டாத தந்தியை உள்ளங்கையால் அடக்குதல், மீட்டலின் அழுத்தத்தால் நாதத்தை மாற்றுதல் ஆகியவற்றுக்கு ஐந்து பொத்தான்களில் இடமில்லை, எனக்குக் கிட்டார் என்பதே அவைதாம்.

இரண்டையும் இணைக்க விரும்பினால் வழி உண்டு. 2010இல் வந்த ராக் பேண்ட் 3இல் உண்மையான வாசிப்பை ஒத்த ப்ரோ முறைக்காக, பதினேழு கட்டைகளில் ஆறு தந்திகளுக்குமாக 102 பொத்தான்கள் கொண்ட கருவி வெளியானது. 2011இல் வந்த ராக்ஸ்மித் என்ற விளையாட்டு அதையும் கடந்து, உங்கள் சொந்தக் கிட்டாரையே தனிக் கேபிள் மூலம் இணைத்து, ஒலிக்கும் சுருதியைக் கேட்டு மதிப்பிடுகிறது. நீங்கள் சரியாக வாசிக்க வாசிக்க ஸ்வரங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும். உங்கள் பயிற்சி நேரத்தை நான் அதற்கே தருவேன்.

ஆறுதந்தி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாமதத்தைச் சரிசெய்து, எக்ஸ்பர்ட் நிலையில் அதே பாடலைக் குறைந்த வேகத்தில் வாசித்தேன். மீட்டல்கள் பெரும்பாலும் பொருந்தின, வெற்று வீச்சுதான் இன்னும் சில இடங்களில் காம்போவை (தவறாமல் தொடரும் மீட்டல் வரிசையை) அறுக்கிறது. நான்கு விரல்களால் ஆரஞ்சுப் பொத்தானுக்குத் தாவும்போது கை இடம் மாறுவது, தந்தியில் நிலை மாற்றுவதைப் போலவே இருப்பதால் அதில் சிரமமில்லை. ராக்ஸ்மித்தையும் முயன்று பார்க்கிறேன்.