நீக்கப்பட்ட அமைச்சர் எப்படி அதிபர் நாற்காலியில்? – ‘60 டேஸ்’ விவாதம்

கொரியப்பித்தன்:
‘டெசிக்னேட்டட் சர்வைவர்: 60 டேஸ்’ என்ற கொரியத் தொடரின் அஸ்திவாரமே ஓட்டை என்று பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார். நாடாளுமன்றக் குண்டுவெடிப்பில் அதிபரும் மற்ற அமைச்சர்களும் இறந்துவிட, உயிர் தப்பிய ஒரே அமைச்சர் பொறுப்பு அதிபர் ஆகும் கதை அது. அவர் சொல்லும் காரணம்: நாடாளுமன்றத்தில் குண்டு வெடிப்பதற்கு முன்பே அதிபர் யாங் ஜின் மான், சுற்றுச்சூழல் அமைச்சர் பார்க் மூ ஜினைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார், தூக்கப்பட்டவர் எப்படிப் பொறுப்பு அதிபர் ஆவார்? கீழே வரிசையாக ‘சரியாகச் சொன்னீர்கள்’ என்று ஆமோதிப்பு வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

தென்கொரிய அரசியல் சாசனத்தின் 82-வது பிரிவை ஒருவராவது புரட்டிப் பார்த்தீர்களா? அதிபர் சட்டப்படி செய்யும் எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். பிரதமரும் சம்பந்தப்பட்ட அமைச்சர்களும் அதில் உடன் கையெழுத்துப் போட வேண்டும். மூ ஜின் விஷயத்தில் அந்தக் காகிதம் நகரவே இல்லை. ஆகவே குண்டு வெடித்த நேரத்தில் அவர் அமைச்சர்தான்.

வழக்காடி:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். அதிபர் நேருக்கு நேர் ‘நீ வேண்டாம்’ என்று சொன்ன பிறகு என்ன அமைச்சர்? காகிதம் வரவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு நாட்டை ஆளலாமா? நீக்கம் நீக்கம்தான்.

கொரியப்பித்தன்:
கையெழுத்து எங்கே?

வழக்காடி:
தொடரிலேயே பதில் இருக்கிறது. தொலைக்காட்சிப் பேட்டியில் நிருபர் வூ ஷின் யங் நேரடியாகக் கேட்கிறார்: நீங்கள் பதவி நீக்கம் செய்யப்பட்டவரா? மூ ஜின் மழுப்பாமல் ஆமாம் என்கிறார். கதாநாயகனே ஒத்துக்கொண்டதை நீங்கள் இல்லை என்கிறீர்கள். அந்த நீக்கம் செல்லாது என்றால் அந்தக் காட்சிக்குப் பிறகு அதிபர் மாளிகையான ப்ளூ ஹவுஸில் ஏன் அத்தனை பேருக்கும் முகம் வெளுக்கிறது?

நிலாக்குட்டி:
எனக்கு ஒரு சந்தேகம். சட்டப்படி அவர் அமைச்சரா என்பது ஒன்று, ஆள்வதற்கு அவருக்கு நியாயம் இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே?

கொரியப்பித்தன்:
வழக்காடி, உண்மை பேசுகிற மனிதர் அவர். சுற்றுச்சூழல் தரவில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றதால்தானே அதிபருக்கே வேண்டாதவர் ஆனார்! கேமராவைப் பார்த்துப் பொய் சொல்வாரா? ‘என்னைப் போகச் சொன்னார்’ என்று ஒத்துக்கொண்டார். ‘என் நீக்கக் கடிதத்தில் கையெழுத்தாகிவிட்டது’ என்று எங்கே சொன்னார்?

சரி, தொடரை விடுங்கள், நிஜத்துக்கு வருகிறேன். 2025 மே 1 இரவு. பொறுப்பு அதிபராக இருந்த பிரதமர் ஹான் டக் சூ தேர்தலில் நிற்பதற்காக ராஜினாமா செய்கிறார். நள்ளிரவோடு பதவி முடிகிறது. அடுத்து வரிசையில் இருந்தவர் நிதி அமைச்சர் சோய் சாங் மோக். அவர் மேல் நாடாளுமன்றத்தில் பதவி நீக்கத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது அவரும் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். அதை ஏற்றுக் கையெழுத்திட்டது யார்? நள்ளிரவுக்குள் வெளியேற வேண்டிய அதே ஹான் டக் சூ. அந்த ஏற்பு வந்ததால்தான் வாக்கெடுப்பே நின்றது, மறுநாள் கல்வி அமைச்சர் லீ ஜூ ஹோ பொறுப்பு அதிபர் ஆனார். கல்வி அமைச்சர்! ஜூன் தேர்தல் வரை அவர்தான் நாட்டை நடத்தினார். நாடகத்தில் வந்தபோது சிரித்தவர்கள் இப்போது எங்கே? அந்த நாட்டில் ஒருவர் பதவியில் இருக்கிறாரா இல்லையா என்பது காகிதத்தில்தான் முடிவாகிறது.

வழக்காடி:
சோய் ராஜினாமா செய்தவர். மூ ஜின் நீக்கப்பட்டவர். இரண்டும் ஒன்றா? சம்பந்தமில்லாத செய்தியைக் கொட்டினால் வாதம் பெரிதாகாது தம்பி.

கொரியப்பித்தன்:
தம்பி எல்லாம் வேண்டாம். உங்கள் வயதும் தெரியாது, உங்களுக்கு என் வயதும் தெரியாது. ராஜினாமாவுக்கே ஏற்புக் கையெழுத்து தேவைப்படுகிறது, நீக்கத்துக்குத் தேவையில்லையா?

ஆறாம்விரல்:
அமெரிக்க மூலத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதிலும் இதே கதைதான். வீட்டுவசதித் துறையைக் கவனிக்கும் டாம் கிர்க்மனை அன்று காலைதான் விலகச் சொல்கிறார்கள், மான்ட்ரியலில் ஒரு தூதர் பதவி தருகிறோம் என்று. இரவில் அவரே அதிபர். கொரியாக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் போய் 82-வது பிரிவா? மூலம் மூலம்தான், கிர்க்மனாக நடித்த கீஃபர் சதர்லாண்டுக்கு ஈடு உண்டா?

கொரியப்பித்தன்:
அப்படியே எடுத்தார்களா? அமெரிக்காவில் கிர்க்மன் பதவிப் பிரமாணம் எடுத்து முழு அதிபர் ஆகிவிடுவார். கொரியாவில் அது நடக்காது. 68-வது பிரிவுப்படி அதிபர் பதவி காலியானால் 60 நாளுக்குள் தேர்தல், 71-வது பிரிவுப்படி அதுவரை பிரதமர், அவருக்குப் பிறகு சட்டம் வகுத்த வரிசையில் அமைச்சர்கள். தொடரின் பெயரிலேயே 60 நாள் இருப்பது அதனால்தான். அதிபர் பார்க் குன் ஹே 2017 மார்ச் 10 அன்று நீக்கப்பட்டார், தேர்தல் மே 9. அதிபர் யூன் சுக் யோல் 2025 ஏப்ரல் 4 அன்று நீக்கப்பட்டார், தேர்தல் ஜூன் 3. எண்ணிப் பாருங்கள், இரண்டு முறையும் சரியாக 60-வது நாள். 2019-ல் டிவிஎன் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 16 எபிசோடும் அந்தக் கெடுவுக்குள்தான் மூச்சு வாங்குகின்றன. அதில் மூ ஜினாக வரும் ஜி ஜின் ஹீயின் நடிப்பு! பதவிக்கு ஆசைப்படாத மனிதனின் உடம்பு கோட்டுக்குள் எப்படிக் கூசுகிறது என்பதைப் பார்த்துவிட்டு ஈடு பற்றிப் பேசுங்கள்.

மல்லிகா_வாசகி:
ஜி ஜின் ஹீ ‘டே ஜாங் கம்’ தொடர் காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த அமைதியை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஆறாம்விரல்:
கோட் கூசுகிறதாம். போன மாதம் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ தொடர் பற்றிய திரியில் லீ ஜங் ஜேவைக் கட்டை என்று சொன்னவர்தானே நீங்கள்? உங்கள் நடிப்பு ரசனை தெரிந்ததுதான்.

கொரியப்பித்தன்:
அந்தத் திரியில் நான் சொன்னது இரண்டாம் சீசனைப் பற்றி. பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டும் பழக்கம் உங்களை விட்டுப் போகவில்லை.

வழக்காடி:
பேச்சை மாற்றாதீர்கள். அந்த நீக்கம் யாருக்கெல்லாம் தெரியும்? அதிபரின் தலைமைச் செயலாளர் ஹான் ஜூ சுங்குக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூ ஜினை உட்கார வைக்கிறார். மக்களிடம் மறைத்தார்கள். இது ஓட்டை இல்லையா?

கொரியப்பித்தன்:
மறைத்தது தப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் தப்பு வேறு, பதவி இழப்பு வேறு. 82.

வழக்காடி:
நீக்கம்.

பாலைவனத்தான்:
இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. எந்த நாளிலும் ஓரிரு அமைச்சர்களாவது வெளிநாட்டுப் பயணத்தில் இருப்பார்கள். மொத்தப் பேரும் அன்று ஒரே கட்டடத்தில் இருந்தார்களாம். அதைப் பேசாமல் கையெழுத்தையே சுற்றுகிறீர்கள். அப்புறம், மூ ஜின் கடைசியில் தேர்தலில் நிற்காமல் ஒதுங்குகிறாரே, அந்த முடிவுக்குக் காரணமே இந்த நீக்கம்தான் என்பது என் கருத்து.

மல்லிகா_வாசகி:
கடைசியை ஏன் சொன்னீர்கள்? நான் இன்னும் பாதியில்தான் இருக்கிறேன். முன்னால் ஒரு எச்சரிக்கை போடக்கூடாதா? இங்கே யாருக்கும் அந்த மரியாதை இல்லை.

பாலைவனத்தான்:
2019-ல் வந்த தொடர் அம்மா. இன்னும் எத்தனை வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும்?

மல்லிகா_வாசகி:
எப்போது வந்தால் என்ன, பார்க்காதவர்களுக்குப் புதுசுதான்.

கொரியப்பித்தன்:
மல்லிகா அக்கா, நீங்கள் பார்த்து முடியுங்கள், கடைசி எபிசோட் வரை தாங்கும். பாலைவனத்தான், அது உங்கள் ஊகம். அவர் ஒதுங்குவது நீக்கத்தால் அல்ல, கூடவே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்ததால். இதற்கு மேல் சொல்ல மாட்டேன், அக்கா படிக்கிறார்.

வழக்காடி, கடைசியாகக் கேட்கிறேன். 2024 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு மூன்று நீதிபதிகளை நியமிக்க, அப்போதும் பொறுப்பு அதிபராக இருந்த ஹான் டக் சூ மறுத்தார். நாடாளுமன்றம் அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது, ஊருக்கே பெயர் தெரியும். ஆனாலும் நீதிபதிகள் ஆனார்களா? இல்லை. அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த சோய் சாங் மோக் டிசம்பர் 31 அன்று இருவரை நியமித்தார், அந்த இருவர் மட்டும் உள்ளே போனார்கள். மூன்றாமவர் ஏப்ரல் வரை வெளியே. நியமனம் அப்படி என்றால் நீக்கமும் அப்படித்தான்.

வழக்காடி:
மறுபடியும் செய்தித்தாள். நான் கேட்பது மூ ஜினைப் பற்றி. அவரே ஆமாம் என்றார். பேட்டியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

கொரியப்பித்தன்:
எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கிறேன். கடிதத்தைக் காட்டுங்கள்.

ஆறாம்விரல்:
வசன வரியில் ‘நீக்கப்பட்டேன்’ என்றுதான் வருகிறது.

கொரியப்பித்தன்:
வசன வரி போட்டவர் சாசனத்தில் கையெழுத்துப் போடுவாரா?