ஆமியில (ராணுவத்துல) சேரலாமா? (ஹட்டன், இலங்கை)

கேள்வி: அண்ணமாரே, சாதாரண தரப் பரீட்சை முடிச்சிட்டேன். தோட்டத்துல நாள் கூலிதான். மாசச் சம்பளத்துக்காக ஆமிக்குப் போகலாமா?

பதில் 1: தம்பி, நிரந்தரப் படையில சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 22 வருஷச் சேவை வேணும். அலுத்துப்போய் லீவுல வந்து திரும்பாம இருந்தா குற்றம், கைது பண்ணுவாங்க. கூலி வேலை மாதிரி பாதியில விட முடியாது.

பதில் 2: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு மூணுலயும் பேர் ஒரே மாதிரி இருக்கா? நம்ம பிள்ளைகள் இடறுறது இங்கதான். ஒன்னுல அப்பா பேர் முன்னுக்கு, இன்னொன்னுல எழுத்துப் பிழை. ஆள் சேர்ப்பு விளம்பரம் வந்த பிறகு ஓடினா நேரம் போதாது. இப்பவே பிரதேச செயலகத்துல கேட்டுத் திருத்துங்க.

பதில் 3: கட்டளையெல்லாம் சிங்களத்துல, அதைப் பழகுங்க. ராணுவத்தை 2030க்குள்ள 1,00,000 பேராக் குறைக்கிறதா 2023ல அரசாங்கமே அறிவிச்சது. அதனால பொலிஸுக்கும் சேர்த்தே விண்ணப்பிங்க. அங்க தமிழ் தெரிஞ்சவங்களுக்குத் தேவை இருக்கு.